சோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே வட சென்னை

வட சென்னையில் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் எல்லோர் கையும் மணலியின் புகைபோக்கிகளைத்தான் காட்டும். காட்ட வேண்டியதுதான். 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வேர்விட்டன. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் அம்மோனியா நெடி தாங்காமல் பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். குற்றப்பத்திரிகை நீளமானது. ஆனால், நோய் ஏன் வந்தது என்று கேட்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நோய் வந்தவர் ஏன் பிழைக்கவில்லை என்பதும் அதே அளவு கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கான விடையில் பெரும்பகுதி, கட்டியோ புண்ணோ முதலில் கண்ணில் பட்ட நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவே கழிகிற மாதங்களில் இருக்கிறது. அந்த மாதங்களைக் குறைப்பது இப்போதே, இருக்கிற மருத்துவமனைகளைக் கொண்டே முடியும். அதற்கு மாசு வழக்குகளின் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 14.1 லட்சம் பேர். அதே ஆண்டில் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 9.2 லட்சம் பேர். அமெரிக்காவில் புதிய நோயாளிகள் சுமார் 24 லட்சம், இறப்பு 6 லட்சம். அங்கே 100 புதிய நோயாளிகளுக்கு 25 இறப்பு, இங்கே 65. மெதுவாக வளரும் சில புற்றுகள் அங்கே அதிகமாகக் கண்டறியப்படுவதால் இந்த ஒப்பீடு முழுக்கச் சமமானதல்ல. அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுகிற வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், நம் நோயாளிகள் தாமதமாக வந்து சேர்வது. மார்பகம், கருப்பைவாய், வாய் ஆகிய மூன்றும் கண்ணாலும் கையாலும் எளிய சோதனையாலும் முன்கூட்டியே பிடிக்கக்கூடியவை. இம்மூன்றிலுமே, பாதிக்கும் மேற்பட்ட இந்திய நோயாளிகள் நோய் சுற்றுப்பகுதிக்குப் பரவிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருவதாகத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது.

நாடுகளுக்கு இடையே இருக்கும் இந்த இடைவெளி ஒரே நகரத்துக்குள்ளும் இருக்க முடியும் என்பதை ஆவணப்படுத்திக் காட்டியவர் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த ஹரால்டு ஃப்ரீமன். கறுப்பின ஏழை மக்கள் அடர்ந்து வாழ்ந்த அந்தப் பகுதியில் 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் 39 சதவீதத்தினர்தான் ஐந்தாண்டுகள் உயிரோடு இருந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். ஃப்ரீமன் இரண்டு காரியங்களைச் செய்தார். காசில்லாதவர்களுக்கும் பரிசோதனை கிடைக்கச் செய்தார். 1990-ல், சந்தேகம் எழுந்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வழித்துணையாளரை நியமித்தார். அந்த ஆள் டாக்டர் அல்ல. அந்தப் பகுதியை அறிந்தவர். சீட்டு வாங்குவது, அடுத்த தேதியை நினைவூட்டுவது, காப்பீட்டுத் தாளை நிரப்புவது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பது, வராதவரைத் தேடிப் போவது ஆகியவையே அவர் வேலை. 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனையில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் 70 சதவீதம். முற்றிய நிலையில் வந்தவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். சிகிச்சை முறைகள் இடையில் மேம்பட்டதும் இதற்கு உதவியிருக்கும். ஆனால், முற்றிய நிலையில் வருகிறவர்கள் குறைந்ததற்குப் புது மருந்து காரணமாக முடியாது.

வட சென்னைக்கு இன்னும் நெருக்கமான பாடம் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஹிஸ்பானிக் மக்களிடம் இருக்கிறது. மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து வயல்களிலும் கட்டுமானத்திலும் உழைக்கிறவர்கள் அவர்கள். மொத்தக் கணக்கில் பார்த்தால் அவர்களுக்குப் புற்றுநோய் வெள்ளையரைவிடக் குறைவு. தொற்றோடு தொடர்புடைய புற்றுகளைத் தனியே பிரித்தால் படம் மாறுகிறது: கருப்பைவாய்ப் புற்றுநோய் அதிகம், ஈரல், இரைப்பைப் புற்றுகள் ஏறத்தாழ இரு மடங்கு. மொத்த எண் குறைவாகத் தெரிவதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. திடகாத்திரமானவர்களே ஊர்விட்டுப் போகிறார்கள். பலருக்குப் புகைப்பழக்கம் குறைவு. கூடவே ஒரு கணக்குக் குறையும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக விவாதிக்கிறார்கள். நோய் முற்றியவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கே இறந்தால், அந்த மரணம் அமெரிக்கக் கணக்கில் ஏறுவதில்லை. பிறந்த ஆற்றுக்கே திரும்பி மடிகிற சால்மன் மீனின் பெயரால் இதை அழைக்கிறார்கள். உழைப்பு ஓரிடத்தில் பதிவாகிறது, சாவு வேறிடத்தில்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதி வந்தேறிய உழைப்பாளிகளால் உருவானது. துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வந்த தெலுங்கர்கள், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயரையே விட்டுவைத்தவர்கள், வட தமிழகக் கிராமங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள், இப்போது ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட், வங்கம், அசாமிலிருந்து வந்து கன்டெய்னர் கிடங்குகளிலும் ஷெட்டுகளிலும் தங்கி வேலை பார்ப்பவர்கள், காசிமேட்டு விசைப்படகுகளில் கூலிக்குப் போகும் ஸ்ரீகாகுளம் மீனவர்கள் எல்லோரும் இந்த மண்ணின் ஆட்கள்தாம். தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10.67 லட்சம் பேர் என்று தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பு 2016 வாக்கில் சொன்னது. சென்னையின் புற்றுநோய்க் கணக்கில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேடு 1981-ல் தொடங்கியது. நாட்டின் பழமையான பதிவேடுகளுள் ஒன்று, உழைப்பும் நேர்மையும் கொண்டது. அது எடுத்துக்கொண்டது பழைய மாநகராட்சி எல்லையை. ராயபுரம் அதற்குள் இருந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் 2011-ல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. 2012-ல் தொடங்கிய மாநிலம் தழுவிய பதிவேட்டில்தான் அவை கணக்குக்குள் வந்தன. ஆலைகள் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு! மேலும், ஓராண்டாவது அந்தப் பகுதியில் வசித்தவரையே இப்படிப்பட்ட பதிவேடு உள்ளூர்வாசியாகக் கொள்ளும். பதிவேட்டு முறைப்படி அது சரியான விதி. ஆனால், எட்டு மாதம் எண்ணூரிலும் நான்கு மாதம் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலும் வாழ்கிறவர் இரண்டு ஊர்ப் பதிவேடுகளுக்கும் வெளியே நிற்பார்.

இனி, தாமதம் எங்கே உண்டாகிறது என்று பார்க்கலாம். காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கூடை எடுத்த பெண் தெருத்தெருவாக விற்று வீடு திரும்ப மதியம் தாண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டமும் டாக்டரும் சோதனையும் இருப்பது காலை நேரத்தில். அந்த நேரம்தான் மீன் விற்கும் நேரம். வெள்ளைப்படுதலையோ இடைவிட்ட உதிரப்போக்கையோ அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும் உடல் சூடு என்று மோர் குடித்துச் சமாளிக்கிறார். ஷிஃப்ட் தொழிலாளிக்கு வாயில் புண் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை. மாவா, ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலைப் பொருட்கள் தடைசெய்யப்பட்டவை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும். பிஹாரிலிருந்து வந்தவர் கைனியை உள்ளங்கையில் தேய்த்து உதட்டுக்குள் அடக்கியபடியே பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்குகிறார். பசியையும் தூக்கத்தையும் அது தள்ளிவைக்கிறது. புகையிலையை விடுங்கள் என்ற பலகை அவருக்குத் தமிழில் இருந்து என்ன பயன்? வாய் முழுதாகத் திறக்க வராதபோதுதான் மேஸ்திரியிடம் சொல்கிறார். மேஸ்திரி ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்.

நோய் உறுதியானவருக்கும் பாதை எளிதல்ல. கருப்பைவாய்ப் புற்றுக்கோ வாய்ப் புற்றுக்கோ ரேடியேஷன் என்றால், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை போக வேண்டியிருக்கும். சிகிச்சை மேசையில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். எண்ணூரிலிருந்து அடையாறுக்கோ ராயப்பேட்டைக்கோ போய்த் திரும்பக் கழிவது அநேகமாக ஒரு நாள் முழுவதும். கூட ஒருவர் வர வேண்டும். ஆக, இரண்டு பேருடைய நாள்கூலி முப்பது நாட்களுக்கும் மேல் போகிறது. சிகிச்சை இலவசம் என்பது உண்மை. வாடகையும் வட்டியும் இலவசமில்லை. பாதியில் நிறுத்துகிறவரை அலட்சியக்காரர் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது அநியாயம்.

முன்கூட்டிய சோதனை உயிர் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே, நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரே ஒரு முறை செய்த சோதனையால், கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், பத்தாம் வகுப்புப் படித்த உள்ளூர்ப் பெண்களே நான்கு வாரப் பயிற்சியோடு இந்தச் சோதனையைச் செய்தார்கள். மரணம் 31 சதவீதம் குறைந்தது. திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து பார்க்கும் சோதனையே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணத்தை 34 சதவீதம் குறைத்ததாக 2005-ல் தெரியவந்தது. இவற்றில் எதற்கும் கோடி ரூபாய் இயந்திரம் தேவைப்படவில்லை.

தமிழக அரசு இதை அறியாததல்ல. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிறது. 2023-ல் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் மக்களைத் தேடிச் செல்லும் புற்றுநோய்ச் சோதனை தொடங்கப்பட்டுப் பிறகு விரிவாக்கப்பட்டது. 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எப்போதாவது கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்ட பெண்கள் 2019-21-ல் நாட்டில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தோம். அந்த முதலிடத்திலும் பத்தில் ஒன்பது பெண்கள் சோதிக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு 70 சதவீதம். சோதித்த எண்ணிக்கை கூடக்கூட, அடுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியும். முகாமில் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்த சீட்டோடு அந்தப் பெண் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனாரா? பயாப்ஸி எடுத்தாரா? முடிவை வாங்க வந்தாரா? மருத்துவமனைகள் தங்களிடம் வந்தவரைக் கணக்கில் வைத்திருக்கின்றன. வராதவரைத் தேடுவது யார் பொறுப்பு என்பது எந்தப் பணிவிவரத்திலும் எழுதப்படவில்லையென்றால், அவர் விடுபடத்தான் செய்வார்.

ஆகவே, வட சென்னைக்கு முதலில் வேண்டியது ஹார்லெம் கண்ட அந்த வழித்துணையாளர். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பகுதிகளில் ‘ப்ரொமோட்டோரா’ எனப்படும் பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள்: அதே மொழி, அதே தெரு, வீட்டுக்குள் போய்ப் பேசும் உரிமை. நெடுநாள் சோதனைக்குப் போகாதிருந்த மெக்ஸிகோ வம்சாவளிப் பெண்களிடம் அவர்கள் நேரில் பேசியபோது, சோதனை செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கானார்கள் என்று எல் பாசோ, ஹூஸ்டன் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வு காட்டியது. நம்மிடம் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே தெருத்தெருவாகப் போகிறார்கள். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் அவர்களில் சிலரைப் புற்றுநோய்க்கென்றே முழுநேரமாக, முறையான சம்பளத்தில் அமர்த்த வேண்டும். அவர்களில் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் இருக்க வேண்டும். காசிமேட்டில் சோதனை மதியத்துக்குப் பிறகு நடக்க வேண்டும், தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில். உள்சோதனைக்குக் கூச்சப்படும் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஹெச்பிவி சோதனையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது; மீன் சந்தைப் பெண்களுக்கு அதைவிடப் பொருத்தமான வழி இல்லை. புற்றுக்கு முந்தைய நிலையில் இருக்கும் திசுவைச் சில நிமிடங்களில் வெப்பத்தால் அழித்துவிட முடியும் என்பதால், கண்டறிந்த அன்றே சிகிச்சையை முடித்துவிட்டால் இரண்டாம் முறை வரவழைக்கும் தொல்லையே இல்லை.

இந்த வாதத்துக்கு எழும் முதல் எதிர்ப்பை மதிக்கிறேன். மாசுபடுத்தியவர்களை விட்டுவிட்டு, மக்களைச் சோதனைக்கு வா என்று இழுப்பது பழியைத் திசைதிருப்பும் வேலை என்கிறார்கள். டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும், வெல்டிங் புகையை 2017-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்பதை அறிந்த யாரும் இதை அற்பமாகப் பேச மாட்டார்கள். நுரையீரல் புற்றுக்கு வாய்ச்சோதனைபோல் எளிய சோதனை கிடையாது. அங்கே மாசைத் தடுப்பதும் புகையிலையை ஒழிப்பதும்தான் வழி. ஆனால், இன்று எல்லாப் புகைபோக்கியையும் மூடினாலும், 1990களில் அந்தக் காற்றைச் சுவாசித்தவருக்கு நோய் இப்போதுதான் வரும். புற்றுநோய் இருபது, முப்பது ஆண்டுகள் உள்ளுக்குள் வளர்வது. அவரை யார் பார்ப்பது? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்றது. ராயபுரத்தில் தூசி குறைந்தது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. வார்டு வாரியாகப் புற்றுநோய்க் கணக்கு அன்று மேசையில் இருந்திருந்தால், எண்ணூர் மக்களின் வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும். தெருத்தெருவாகச் சோதித்துப் பதிவுசெய்வது மாசுக்கு எதிரான வழக்கையும் பலப்படுத்தும்.

இருக்கிற நோயாளிகளுக்கே படுக்கை போதவில்லை, சோதித்துக் கூட்டத்தைப் பெருக்குவானேன் என்பது இரண்டாவது எதிர்ப்பு. கண்மூடித்தனமான சோதனை கேடு செய்யும் என்பது சரிதான். தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்யும் வழக்கம் பரவி, 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 15 மடங்கானது, மரணம் குறையவில்லை. அதனால்தான் மரணத்தைக் குறைக்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட சோதனைகளோடு நிற்க வேண்டும் என்கிறேன். முற்றிய வாய்ப் புற்றுக்கு அறுவை, ரேடியேஷன், கீமோ மூன்றும் வேண்டும்; தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் ஒரு சிறிய அறுவையோடு முடியும். படுக்கையை அடைப்பது தாமதம்தான்.

மூன்றாவது எதிர்ப்பு வெளியே மெல்லத்தான் சொல்லப்படும், ஆனால் கோப்புகளை நகரவிடாமல் வைத்திருப்பது அதுதான்: வெளிமாநிலத்தாருக்கு நம் வரிப்பணமா? கப்பலில் வந்த சரக்கை இறக்கியவரும் அந்த வரி வருவாயை உண்டாக்கியவர்தான். சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. ஒப்பந்ததாரர் தொழிலாளிக்கு இலவச மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்று 1979-ம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆறு மாதங்களுக்கு மேல் இங்கே தங்கியதற்கு உரிய அதிகாரியின் சான்று இருந்தால், முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் வெளிமாநிலத்தவருக்கும் இடம் உண்டு. வருமான வரம்புகூட அவர்களுக்குக் கிடையாது. நல்ல விதி. ஆனால், வாடகை ரசீது இல்லாமல் ஷெட்டில் படுப்பவர் எங்கே போய் அந்தச் சான்றை வாங்குவார்? நோய் வந்த பிறகு தேடினால் மாதங்கள் போய்விடும். தொழிலாளர் துறை நேராகத் தொழிலிடத்துக்குப் போய் முகாமிட்டுச் சான்று வழங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ-யின் நிலையும் இதுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் அதற்குள் வருகிறார். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டாண்டு வரை 80 சதவீதக் கூலி கிடைக்கும். ஏழை நோயாளியின் முதல் கவலையை, அதாவது கூலி போவதை, தீர்க்கக்கூடிய அருமையான ஏற்பாடு அது. ஆனால், அதற்கு இரண்டாண்டு தொடர்ச்சியான வேலை காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய எண்ணைத் தொடராமல் புது எண் எடுத்துவிட்டால், பத்தாண்டு உழைத்தவரும் புதிதாக வந்தவராகிவிடுகிறார். ஆதாரோடு எண்களை இணைத்து ஒரே வரலாறாக்குவது அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே முடியும் வேலை.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் துறைமுகங்கள். சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் பொதுத் துறையின் கையில் இருப்பவை. அவற்றின் வாசலுக்குள் வேலை எடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் டெண்டர் நிபந்தனைகளில் கையெழுத்திடுகிறார். பாதுகாப்புக் காலணியும் தலைக்கவசமும் கட்டாயம் என்று எழுதப்படுகிற அதே தாளில், ஆண்டுக்கு ஒருமுறை கூலியோடு கூடிய அரைநாள் வாய்ப் பரிசோதனை, பெண் தொழிலாளர்களுக்கு மார்பக, கருப்பைவாய்ச் சோதனை, சந்தேகம் எழுந்தால் சிகிச்சை முடியும்வரை அந்தத் தொழிலாளியின் இஎஸ்ஐ எண்ணையும் வேலையிடத்தையும் தக்கவைப்பது என மூன்று வரிகளைச் சேர்க்கலாம். 40 வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை ஒட்டி மத்திய அரசே அறிவித்திருக்கிறது. மத்திய அரசின் கீழுள்ள இவ்விரு துறைமுகங்களும் அதைத் தங்கள் அடுத்த டெண்டரிலேயே எழுதிக் காட்டட்டும்.